கம்ப்யூட்டருடன் இன்னொரு நாற்காலியும் வாங்குங்கள்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களிடம், எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "பிள்ளைங்க படிப்புக்குத்தான் சார்."

நான் சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பதால் உறவினர்கள், நண்பர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்தினர் என்று பலரும் என்னிடம் ஆலோசனை கேட்கின்றனர். ரேம் எவ்வளவு வேண்டும், ஹார்ட் டிஸ்க் போதுமா, எஸ்.எஸ்.டி. வேண்டுமா, பிரிண்டர் இங்க்ஜெட்டா லேசரா, யுபிஎஸ் அவசியமா என்று கேள்விகள் வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, பட்டியலின் கடைசியில் ஒரு பொருளைச் சேர்க்கச் சொல்வேன். கம்ப்யூட்டர் மேஜைக்கு ஒரு நாற்காலி போதாது, இரண்டு வாங்குங்கள். ஒன்று பிள்ளைக்கு. மற்றொன்று உங்களுக்கு.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. பிள்ளையின் படிப்புக்கும் பள்ளி வாழ்க்கைக்கும் கம்ப்யூட்டரைவிட அந்த இரண்டாவது நாற்காலி கூடுதலாக உதவும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே தருகிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

பாடங்களுக்குப் பஞ்சமில்லை

முதலில் கம்ப்யூட்டருக்குரிய பாராட்டைக் கொடுத்துவிடுவோம். இன்டர்நெட் இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால், ஒரு மாணவனுக்குக் கிடைப்பவை ஏராளம். அதுவும் இலவசமாக.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎப் பைல்களாகக் கிடைக்கின்றன. டவுன்லோடு செய்து ஒரு போல்டரில் வைத்துக் கொள்ளலாம். 2018ஆம் ஆண்டு முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடுகள் அச்சிடப்பட்டன. கணக்கு, அறிவியல் புத்தகங்களில் "இணையச் செயல்பாடு" என்ற பகுதியைப் பார்த்திருப்பீர்கள். ஜியோஜீப்ரா போன்ற இலவச சாப்ட்வேரில் கோணங்களையும் வரைபடங்களையும் மவுஸால் இழுத்துப் பார்க்க அது வழிகாட்டுகிறது. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபிலும் பார்க்கலாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய பெட் என்னும் தளத்தில், மின்சுற்றைத் திரையிலேயே இணைத்து பல்பு எரிகிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். ஷாக் அடிக்காது!

இவ்வளவும் இருந்தும், கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆன பிறகு பல பெற்றோர் என்னிடம் சொல்வது என்ன? "கேம்ஸ்தான் ஆடறான். படிப்புக்கு யூஸ் பண்ணவே மாட்டேங்கறான்." கம்ப்யூட்டர் மீது பழி விழுகிறது. பின்னர் பாஸ்வேர்டு மாற்றப்படுகிறது. அதற்கும் பின்னர் துணி போட்டு மூடப்படுகிறது.

கம்ப்யூட்டரில் குறை ஒன்றுமில்லை. பாடம் சொல்ல அதற்குத் தெரியும். ஆனால், தான் பார்ப்பதையும் படிப்பதையும் அக்கறையோடு கேட்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார் என்ற உணர்வை அதனால் தர இயலாது. அந்த வேலை உங்களுடையது.

எனக்குப் பாடமே தெரியாதே!

இந்த இடத்தில் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். "நான் தமிழ் மீடியம், அவள் இங்கிலீஷ் மீடியம்." "நான் பத்தாவதோடு நிறுத்திட்டேன். இவனோட கணக்கு எனக்கு எப்படிப் புரியும்?" கம்ப்யூட்டரையே இப்போதுதான் பழகுகிறோம், இதில் பிள்ளைக்கு என்ன உதவுவது என்றும் நினைக்கலாம்.

புரோகிராமர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. எழுதிய புரோகிராம் சரியாக வேலை செய்யவில்லை, தவறு எங்கே என்றும் தெரியவில்லை என்றால், மேஜை மீது ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்துக் கொண்டு, புரோகிராமை வரி வரியாக அதற்கு விளக்கிச் சொல்வார்கள். பாதி சொல்லி முடிப்பதற்குள் தவறு எங்கே என்பது தானாகவே தெரிந்துவிடும். 1999இல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய "தி பிராக்மேடிக் புரோகிராமர்" என்னும் புத்தகத்தின் மூலம் இது புகழ் பெற்றது. வாத்துக்கு ஒரு வரி புரோகிராம் கூடத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. விளக்குகிறவனுக்குத்தான் பலன்.

பொம்மையே இவ்வளவு உதவும் என்றால், பதில் கேள்வி கேட்கத் தெரிந்த அம்மாவும் அப்பாவும் எவ்வளவு உதவலாம்!

எனக்கு இது வேலைக்குச் சேர்ந்த பின் கற்ற பாடம் அல்ல. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் படித்தபோது, என் அம்மா இரவு நிலக்கடலை உரித்துக் கொண்டே, "இன்னிக்கு என்ன நடத்துனாங்க, சொல்லு கண்ணு" என்பார். அம்மா படித்தது எட்டாம் வகுப்பு வரை. நான் பத்தாம் வகுப்பில் ஓம் விதியை ஒப்பிப்பதுபோலச் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா, "அப்போ நம்ம கிணத்து மோட்டார் ஒயரு ஏன் கண்ணு சூடாவுது?" என்றார். அதற்கான பதில் நான் ஒப்பித்த நான்கு வரியில் இல்லை. மறுநாள் ஆசிரியரிடம் கேட்டேன். மின்தடையால் வெப்பம் உண்டாவதை அவர் கரும்பலகையில் போட்டு விளக்கினார். நான் திரும்ப வந்து அம்மாவுக்கு விளக்கினேன். அந்தப் பாடத்தை நான் மறந்ததே இல்லை. அம்மா எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. கேட்டார், அவ்வளவுதான்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே பகுதியை மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடியும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மறுபடி படித்தவர்களே முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்.

"படி, படி" என்று பத்து முறை சொல்வதைவிட, "படிச்சதைச் சொல்லு, கேட்கிறேன்" என்று ஒரு முறை சொல்வது நல்லது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

என்ன கேட்பது?

"ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்றால் "ஒண்ணும் இல்லை" என்றுதான் பதில் வரும். கேள்வி பெரியது, பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. சின்னதாகக் கேளுங்கள். இன்று எந்தப் பாடம் போரடித்தது? மதியம் யாருடன் உட்கார்ந்து சாப்பிட்டாய்? எதற்காவது சிரித்தீர்களா? டீச்சர் கேட்ட எந்தக் கேள்விக்கு யாருக்குமே பதில் தெரியவில்லை? இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். தினமும் ஒரு பெயர் சொன்ன பிள்ளை, ஒரு வாரமாக "யாரோடயும் இல்லை" என்றால், மார்க் குறைவதற்கு முன்பே உங்களுக்கு ஒரு செய்தி வந்துவிட்டது என்று பொருள்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல், கட்டுரை எழுது என்றால் எழுதித் தரவும், கணக்கைப் போடு என்றால் போட்டுத் தரவும் ஏஐ தயாராக இருக்கிறது. ஹோம்வொர்க் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதைத் தடை செய்யலாமா என்று பெற்றோர் கேட்கின்றனர். வீட்டுக் கம்ப்யூட்டரில் தடுத்தாலும் நண்பனின் மொபைலில் கிடைக்கும். என் யோசனை எளிமையானது. எங்கிருந்து எடுத்தாலும் சரி, "இதை எனக்குப் புரியும்படி சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் கற்றுக் கொண்டான் என்று அர்த்தம். தெரியாவிட்டால் நீங்கள் திட்டத் தேவையில்லை, அவனுக்கே தெரிந்துவிடும். ஏஐ தவறான பதிலையும் சந்தேகமே இல்லாத குரலில் சொல்லும். ஆகவே, புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் பக்கத்தில் உட்கார்ந்துதான் உண்டாக்க முடியும்.

மார்க் பார்க்கும் திரை

இன்று பல பள்ளிகள் மார்க், அட்டெண்டன்ஸ் எல்லாவற்றையும் மொபைலுக்கே அனுப்பிவிடுகின்றன. பிள்ளை பஸ்சை விட்டு இறங்கும் முன்பே அப்பாவுக்கு மார்க் தெரிந்துவிடுகிறது. வாசலிலேயே விசாரணை. தன் மார்க்கைத் தானே வீட்டில் சொல்லும் வாய்ப்புக்கூட பிள்ளைக்கு இல்லை. மெசேஜ் வந்தாலும் பிள்ளை சொல்லும் வரை காத்திருங்கள் என்பது என் வேண்டுகோள். தானாக வந்து சொல்லும் துணிவு, அந்த மார்க்கைவிடப் பெரியது.

தமிழக அரசு 2017இல் பொதுத் தேர்வுகளில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பிள்ளைகள் மீது விழும் தேவையற்ற ஒப்பீட்டைக் குறைக்கவே இந்த முடிவு. அரசு நிறுத்திய ரேங்க் பட்டியலைப் பல வீடுகள் இன்னும் நிறுத்தவில்லை. "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கிறது.

பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்னும் உளவியலாளர்கள் 1998இல் ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகளை வெளியிட்டனர். சில புதிர்களைச் செய்து முடித்ததும், சிலரை "நீ புத்திசாலி" என்றும், வேறு சிலரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் விரைவில் சோர்ந்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் தொடர்ந்தனர். "என் பொண்ணு ஜீனியஸ்" என்று விருந்தாளிகளிடம் சொல்லும் முன் இதை நினைத்துக் கொள்ளுங்கள். "நேத்து மூணு தடவை போட்டும் வராத கணக்கு, இன்னிக்கு வந்துடுச்சே" என்று சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொல்ல, நேற்று நீங்கள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

ஒளிந்து பார்க்கும் சாப்ட்வேர் வேண்டாம்

கடந்த ஆண்டு எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா என்னிடம் வந்தார். மகள் ஒன்பதாம் வகுப்பு. மார்க் குறைந்திருக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை, கதவைச் சாத்திக் கொள்கிறாள். "தம்பி, அவளுக்குத் தெரியாம அவ டைப் பண்றதெல்லாம் எனக்கு வர்ற மாதிரி ஏதோ சாப்ட்வேர் இருக்காமே, அதைப் போட்டுக் குடேன்" என்றார்.

இருக்கிறது. போட்டுக் கொடுக்க எனக்குப் பத்து நிமிடம் கூட ஆகாது. ஆனால், நான் மறுத்தேன். அப்படிப்பட்ட சாப்ட்வேரில் பல, நம்பத்தகாத இடங்களில் இருந்து வருபவை. உங்கள் பாங்க் பாஸ்வேர்டையும் சேர்த்து அனுப்பிவிடக் கூடியவை. அதைவிட முக்கியமாக, என்றாவது அது மகளுக்குத் தெரியவரும். அன்றிலிருந்து எதையும் அம்மாவிடம் சொல்லமாட்டாள். அதற்குப் பதில், கம்ப்யூட்டரை அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள், அவளிடம் காரணத்தைச் சொல்லியே மாற்றுங்கள், ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கு இமெயில் அனுப்பக் கற்றுத் தரச் சொல்லுங்கள் என்றேன். மார்க் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்றும் கேட்டுக் கொண்டேன்.

ஐந்தாம் நாள் மகளே சொல்லியிருக்கிறாள். பள்ளி விழாவில் எடுத்த அவள் போட்டோவை யாரோ கேலியாக மாற்றி, வகுப்பு மாணவர்களின் மொபைல் குழுவில் போட்டிருந்தார்கள். இரண்டு மாதமாக அதை வைத்துக் கிண்டல். வகுப்பாசிரியரை அக்கா நேரில் பார்த்துப் பேசினார். அந்த ஆசிரியர் பொறுப்போடு நடவடிக்கை எடுத்தார். மார்க் உடனே ஏறிவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பெண் மறுபடியும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அது போதும்.

சிறு குழந்தைகளுக்குக் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் கூறவில்லை. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ் சென்று, அக்கவுண்ட்ஸ் பிரிவில் பேமிலி என்பதன் மூலம் குழந்தைக்குத் தனி அக்கவுண்ட் ஏற்படுத்தலாம். எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம், எந்தத் தளங்களைப் பார்க்கலாம் என்று அதில் வரையறை செய்திடலாம். ஆனால், அதைப் பிள்ளையை அருகில் வைத்துக் கொண்டே, விளக்கிச் சொல்லிச் செய்யுங்கள். வாசலுக்கு கேட் போடுவது வேறு, ஜன்னல் இடுக்கில் ஒளிந்து பார்ப்பது வேறு.

பிள்ளையின் மனச்சோர்வு உங்கள் கையை மீறியதாகத் தோன்றினால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை உள்ளது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த மனநல ஆலோசனைச் சேவை இலவசமானது. தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கு ஆபத்து, கொடுமை என்றால் 1098. இரண்டு எண்களையும் எழுதிக் கம்ப்யூட்டர் மேஜை மீது ஒட்டி வையுங்கள். உங்களுக்குத் தெரியாமல் பிள்ளையே கூப்பிட வேண்டிய நாளும் வரலாம்.

தூக்கமும் பாடம்தான்

பிராஜெக்ட், அசைன்மென்ட் என்று இரவு பதினொரு மணி வரை திரை முன் உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 6 முதல் 12 வயது வரையான குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும், 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கமும் தேவை. காலை ஏழு மணிக்குப் பள்ளி வேன் வரும் வீட்டில், எத்தனை மணிக்குக் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்ய வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள். அந்த நேரத்தில் அப்பாவின் மொபைலும் ஓய்வு எடுத்தால்தான் இந்த விதிக்கு வீட்டில் மரியாதை இருக்கும்.

பள்ளியிலும் ஒரு நாற்காலி

பேரன்ட்ஸ் மீட்டிங் என்றால் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதோடு முடிக்காதீர்கள். வகுப்பில் கேள்வி கேட்கிறாளா, யாருடன் பழகுகிறாள், சோர்வாகத் தெரிகிறாளா என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தனது 17ஆவது பிரிவில் தடை செய்கிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்றும், அதில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. அங்கே உங்களுக்கென்று ஓர் இடத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையும் அங்கேதான் கேட்க வேண்டும். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் மாலை வரை இருக்கும் பெண் குழந்தைகள் உண்டு. அந்தத் தலைவலியோடு எந்தப் பாடம் மண்டையில் ஏறும்?

நேரம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. இருவரும் வேலைக்குச் செல்லும் வீடு, ஷிப்ட் வேலை, கடையை மூடவே பத்து மணி என்று ஒவ்வொருவருக்கும் நெருக்கடி உண்டு. நான் தினமும் இரண்டு மணி நேரம் கேட்கவில்லை. பதினைந்து நிமிடம் போதும். அதுவும் முடியாத நாளில் தாத்தாவோ பாட்டியோ சித்தியோ உட்காரட்டும். பிள்ளை சொல்லும்போது மொபைலைப் பார்க்காமல் கேட்பவர் யாராக இருந்தாலும் சரி.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் அதில் பல விஷயங்கள் தெரியாது. பிள்ளைக்கு அநேகமாகத் தெரியும். இன்று இரவு அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். புது போல்டர் ஒன்றை உருவாக்கி, அதில் குடும்ப போட்டோக்களைச் சேமிப்பது எப்படி என்று பிள்ளையிடம் கேளுங்கள். நீங்கள் தப்பாகக் கிளிக் செய்யும்போது உங்கள் பிள்ளை எவ்வளவு பொறுமையாக, அல்லது எவ்வளவு பொறுமையில்லாமல், சொல்லித் தருகிறது என்று கவனியுங்கள். அது பெரும்பாலும் நீங்கள் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்த விதமாகவே இருக்கும்.